ஜிம்மி ரோஜர்ஸின் ‘ப்ளூ யோடல்’ இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்களிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. என்னிடம் கேட்கப்படுபவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு தட்டைப் பற்றியவை. அதற்கு நானும் ஒரு காரணம்: வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் போடுவேன். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தத் தட்டு இது?

அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் 1928 பிப்ரவரியில் வெளியிட்ட 21142ஆம் எண் தட்டு. பத்து அங்குலம். ஒரு பக்கம் ‘ப்ளூ யோடல்’, மறுபக்கம் ‘அவே அவுட் ஆன் த மவுண்டன்’. இரண்டையும் பாடியவர் ஜிம்மி ரோஜர்ஸ், கிட்டாரும் அவரே. வேறு வாத்தியம் கிடையாது. முதல் வரியை வைத்து இந்தப் பாட்டை ‘டி ஃபார் டெக்சஸ்’ என்றும் சொல்வார்கள். பின்னால் இதே பெயரில் எண் போட்டு வரிசையாகப் பாட்டுகள் வந்ததால் சிலர் இதை ‘முதல் ப்ளூ யோடல்’ என்பதுண்டு.

இணையத்தில் தேடினால் வேறு யாரோ பாடுகிறாரே?

பெயர்க் குழப்பம். மூன்று பேர் இருக்கிறார்கள். நம்மவர் 1933 மே மாதம் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பிறந்த இன்னொரு ஜிம்மி ரோஜர்ஸ் 1957இல் ‘ஹனிகோம்ப்’ என்ற பாப் பாட்டால் புகழ்பெற்றார். மூன்றாமவர் சிகாகோவில் மடி வாட்டர்ஸுடன் கிட்டார் வாசித்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) கலைஞர். தேடும்போது ‘ப்ளூ யோடல்’ என்று சேர்த்துத் தட்டச்சு செய்தால் சரியான ஆள் வந்துவிடுவார்.

யார் இந்த ஜிம்மி ரோஜர்ஸ்?

1897 செப்டம்பர் 8 அன்று பிறந்தவர், மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் பகுதிக்காரர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. பையன் முதலில் அந்த ஆட்களுக்குத் தண்ணீர் தூக்கினான். வளர்ந்ததும் பிரேக்மேன் ஆனான். சரக்கு ரயிலில் பெட்டிகளைக் கோப்பது, கழற்றுவது, ஓடும் வண்டியின் கூரைமேல் நடந்துபோய்க் கையால் பிரேக்கைத் திருகுவது என்று உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. 1924இல் காசநோய் என்று தெரிந்தது. நோயோடு ரயில் வேலையில் நிலைக்க முடியவில்லை. பாட்டுத்தான் மிச்சம்.

விளம்பரங்களில் அவரைப் ‘பாடும் பிரேக்மேன்’ என்றார்கள். இப்போது எங்கு படித்தாலும் ‘கன்ட்ரி இசையின் தந்தை’ (கன்ட்ரி: அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை) என்று எழுதியிருக்கும். நாஷ்வில்லின் கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் 1961இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மூவரில் இவரும் ஒருவர். ஹாங்க் வில்லியம்ஸும் ஃப்ரெட் ரோஸும் மற்ற இருவர்.

அந்தப் பட்டத்தை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன். இவருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1923இல், ஃபிட்லின் ஜான் கார்சன் அட்லாண்டாவில் பதிவு செய்துவிட்டார். வெர்னன் டால்ஹார்ட்டின் தட்டுகள் 1924லேயே அமோகமாக விற்றன. ஆனால் கார்சன் ஊர்த் திருவிழாவில் பிடில் வாசிப்பவர். டால்ஹார்ட் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பாடித் தருகிற தொழில்முறைப் பாடகர். ‘இது என் கதை’ என்ற தொனியில் ஒரு ஆள் தனியாக நின்று பாடி, அந்த ஆளுக்காகவே ஜனங்கள் அடுத்த தட்டை வாங்கிய வழக்கம் இவரிடமிருந்துதான் வலுப்பெற்றது.

இதுதான் அவருடைய முதல் தட்டா?

இல்லை. முதல் பதிவு 1927 ஆகஸ்ட் 4, பிரிஸ்டல் என்ற ஊரில். அந்த ஊரின் பெரிய தெருவுக்கு நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. ஒரு பக்க நடைபாதை டென்னசி, எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. விக்டருக்காக ரால்ஃப் பியர் என்பவர் கருவிகளோடு வந்து, ஒரு தொப்பி வியாபாரக் கட்டடத்தில் தற்காலிகப் பதிவுக்கூடம் போட்டிருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தின் முதல் பதிவும் அதே நாட்களில் அங்கேதான் நடந்தது.

ரோஜர்ஸ் ஒரு வாத்தியக் குழுவோடு போனார். பதிவுக்கு முந்தைய இரவு, தட்டில் யார் பெயரைப் போடுவது என்று சண்டை வந்து குழு பிரிந்துவிட்டது. அவர்கள் டென்னேவா ராம்ப்ளர்ஸ் என்ற பெயரில் தனியே பாடினார்கள். இவர் கிட்டாரோடு ஒற்றை ஆளாகப் போய் இரண்டு பாட்டுப் பாடினார்: போருக்குப் போன காதலனைப் பற்றிய ‘த சோல்ஜர்ஸ் ஸ்வீட்ஹார்ட்’, அப்புறம் ‘ஸ்லீப், பேபி, ஸ்லீப்’ என்ற பழைய தாலாட்டு. அந்தச் சண்டை வராமல் இருந்திருந்தால் நமக்கு ஒரு சுமாரான வாத்தியக் குழுதான் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தத் தட்டு ஓரளவு விற்றது. விக்டரிடமிருந்து அழைப்பு வரும் வரை ரோஜர்ஸ் காத்திருக்கவில்லை. தானே நியூயார்க்குக்குக் கிளம்பிப் போய் ஓட்டலில் இறங்கி, பியருக்குத் தொலைபேசினார். நவம்பர் 30 அன்று, விக்டரின் தலைமையகம் இருந்த நியூஜெர்சியின் கேம்டனில், நான்கு பாட்டுகள் பதிவாயின. ‘ப்ளூ யோடல்’ அதில் ஒன்று.

அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் பாட்டில்?

முதல் தடவை கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரு கிட்டார், மூக்கால் கொஞ்சம் இழுக்கும் தெற்கத்திக் குரல், திரும்பத் திரும்ப ஒரே மெட்டு. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ‘இவ்வளவுதானா?’ என்று ஒரு பார்வை வரும். நான் உடனே மறுபடி போடுவேன்.

இரண்டாம் முறை கேட்கும்போது கிட்டாரைக் கவனியுங்கள். அடித்தந்தியில் ஒரு சுரம், உடனே மற்ற தந்திகளில் ஒரு வருடல், மறுபடி அடித்தந்தி. இயந்திரம் மாதிரி சீராக ஓடுவதாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் விரலால் தாளம் போட்டுப் பாருங்கள், எங்கோ இடறும். வரி முடிந்ததும் அவர் அடுத்த வரிக்கு அவசரப்படுவதில்லை. மூச்சு வாங்க வேண்டுமா, கிட்டாரில் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆற அமர வருவார். கணக்குப்படி அங்கே இருக்கக்கூடாத தட்டுகள் அவை. கூட வாசிக்க ஆள் இருந்திருந்தால் இப்படி நிறுத்த முடியாது. பின்னாளில் அவரோடு வாசித்த பல கலைஞர்களுக்கு இந்தத் தாளக்கணக்கு பெரிய தலைவலியாக இருந்தது. தனியாக வாசித்த தட்டுகளில் அது தலைவலி இல்லை, அதுதான் அழகே. ஒருவர் தமக்குத் தோன்றிய நேரத்தில் பேசி, தோன்றிய நேரத்தில் நிறுத்துவது போல இருக்கிறது.

அப்புறம் குரல். ஒவ்வொரு சரணத்திலும் ஒரு வரியைச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பார். இது ப்ளூஸின் கட்டமைப்பு. மூன்றாம் வரி முடிந்த இடத்தில் குரல் சட்டென்று உடைந்து மேலே ஏறும். அதுதான் யோடல். சொற்கள் தீர்ந்துபோன இடத்தில் அது வருகிறது. மூன்று வரியாக வாய்ச்சவடால் பேசிய ஆள் நாலாவது இடத்தில் வார்த்தையே இல்லாமல் ஒலி எழுப்புகிறார். அது சிரிப்பா, அழுகையா, கேலியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் வேறு மாதிரிதான் கேட்கிறது.

பாட்டின் பொருள் என்ன?

டெக்சஸுக்கு ஒரு ‘டி’, டென்னசிக்கு ஒரு ‘டி’, தன்னைச் சீரழித்த தெல்மாவுக்கு ஒரு ‘டி’ என்று தொடங்குகிறார். நீ வேண்டாமென்றால் போ, ஒரு ரயில் கொள்ளாத அளவுக்குப் பெண்கள் எனக்குக் கிடைப்பார்கள் என்கிறார். ஜார்ஜியாத் தண்ணீர் டர்பன்டைன் போலக் கசக்கிறதாம். அட்லாண்டாவில் நாய் மாதிரி நடத்தப்படுவதைவிடச் சேற்றுத் தண்ணீரைக் குடித்துப் பொந்துமரத்தில் தூங்கலாமாம்.

நடுவில் ஒரு துப்பாக்கி வாங்கித் தெல்மாவைச் சுடப்போவதாகவும் ஒரு சரணம் உண்டு. அவள் துள்ளி விழுவதைப் பார்ப்பதற்காகவே சுடுவாராம். அந்தக் காலப் பாட்டில் இது சகஜம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சகஜமாக இருந்தது உண்மைதான். எனக்கு அந்த வரி இன்றும் உறுத்துகிறது. உறுத்தலோடுதான் கேட்கிறேன்.

யோடல் சுவிட்சர்லாந்து விஷயம் அல்லவா? மிசிசிப்பிக்கு எப்படி வந்தது?

ஆல்ப்ஸ் மலைப்பாடகர் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேடைகளில் நிறையப் பாடின. அங்கிருந்து வேடிக்கை நாடகங்களுக்கும் ஊர் ஊராகப் போகும் மருந்து விற்பனைக் காட்சிகளுக்கும் அது இறங்கியது. ரோஜர்ஸுக்கு முன்பே ரைலி பக்கெட் யோடல் செய்து தட்டு வந்திருக்கிறது. எம்மெட் மில்லர் என்ற மேடைக் கலைஞரும் குரலை உடைத்து உடைத்துப் பாடினார். ரோஜர்ஸ் செய்தது, அதை ப்ளூஸ் சரணத்தின் வாலில் கட்டியது.

தொழில்நுட்பம் எளிது, செய்வதுதான் கஷ்டம். நெஞ்சுக் குரலில் பாடிக்கொண்டிருக்கும்போது இடையில் வழுக்காமல் கள்ளக் குரலுக்கு, அதாவது மெல்லிய உச்சக் குரலுக்கு, தாவ வேண்டும். மற்ற பாடகர்கள் மறைக்கப் பார்க்கும் அந்த விரிசலை யோடல் வெளிச்சம் போட்டுக் காட்டும். நம் ஊர்க் காதுக்கு உதாரணம் சொல்ல வேண்டுமானால் ஜே.பி. சந்திரபாபுவின் பாட்டுகளில் குரல் துள்ளிக்குதிக்கும் இடங்களை நினைத்துக்கொள்ளலாம். சந்திரபாபு துள்ளலுக்காகச் செய்தார். ரோஜர்ஸிடம் அது சோம்பலாக, கொஞ்சம் களைப்போடு வரும்.

கறுப்பின மக்களின் இசையை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்கிறார்களே?

நியாயமான கேள்வி. ப்ளூஸ் சரணத்தின் அமைப்பு கறுப்பின மக்களுடையது. சேற்றுத் தண்ணீர், பொந்துமரம் போன்ற வரிகள் தெற்கில் வாய்வழியாகப் பலரும் பாடிவந்தவை. தண்டவாளத்தில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களிடையே சிறுவயதிலிருந்து பழகியவர் அவர். அங்கேதான் கேட்டுக் கற்றார். தட்டில் ஆசிரியர் பெயர் மட்டும் ஜிம்மி ரோஜர்ஸ். பியர் பதிப்புரிமைத் தொழிலிலும் இருந்தவர். பழைய பாட்டானால் காசு வராது, புதிதென்று பதிவு செய்யக்கூடியதாக இருந்தால் வரும். அந்த வணிக ஏற்பாட்டில் ஊர்ச்சொத்து தனிச்சொத்து ஆனது என்றால் மறுக்க முடியாது.

அந்தக் காலத்தில் நிறுவனங்களே சந்தையை நிறத்தால் பிரித்து வைத்திருந்தன. கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனி வரிசை, வெள்ளை நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தனி வரிசை. பாட்டுகள் அந்த வேலியை மதிக்கவில்லை என்பதற்கு நல்ல சாட்சி, 1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் பதிவான ‘ப்ளூ யோடல் 9’. அதில் ட்ரம்பெட் வாசிப்பவர் கறுப்பின ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பியானோ அவருடைய மனைவி லில் ஹார்டின். தட்டில் இருவர் பெயரும் இல்லை. ரோஜர்ஸ் வழக்கம்போல் இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்துகிறார், ஆர்ம்ஸ்ட்ராங் அந்த இடைவெளிகளில் புகுந்து புகுந்து வாசிக்கிறார். இப்படித் தாளத்தோடு விளையாடுகிற ஆளுக்கு ஆர்ம்ஸ்ட்ராங்கைவிட நல்ல துணை கிடைத்திருக்காது. நாற்பது ஆண்டு கழித்து, 1970இல், கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆர்ம்ஸ்ட்ராங் அதே பாட்டை மறுபடி வாசித்தார். அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. தவறவிட வேண்டாம்.

திரும்பிப் போன தாக்கமும் உண்டு. மிசிசிப்பியின் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃப், ரோஜர்ஸ் மாதிரி யோடல் செய்யப் பார்த்து அது வராமல் ஊளையிடத் தொடங்கியதாகத் தானே சொல்லியிருக்கிறார்.

மறுபக்கப் பாட்டு எப்படி?

‘அவே அவுட் ஆன் த மவுண்டன்’ கெல்லி ஹாரல் என்ற வர்ஜீனிய நெசவாலைத் தொழிலாளி எழுதியது. மலைக்குப் போய்விடலாம், அங்கே எல்லாம் நன்றாக இருக்கும் என்கிற இனிமையான பாட்டு. அந்தக் காலத்தில் பலர் இதற்காகவே தட்டை வாங்கியிருக்கலாம். நான் அதிகம் போடுவதில்லை.

பழைய தட்டில் கேட்டால்தான் சுகம் என்பது வெறும் மோகம்தானே?

பாதி மோகம். அதை ஒப்புக்கொண்டுவிடலாம். கருப்பு லேபிளில் தங்க எழுத்து, சுற்றிலும் சுருள் வேலைப்பாடு, மேலே குழாய்க்குள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய். கையில் எடுத்தாலே கனம் தெரியும். இதெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் உள்ள சுகம், காதுக்கல்ல.

காதுக்கான காரணம் வேறு. 1925க்கு முன்பு பாடகர் ஒரு பெரிய குழாய்க்கு முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் தடம் வெட்டும். மெல்லப் பாடினால் பதியாது. 1925இல் விக்டர் மைக்ரோபோனுக்கு மாறியது. ‘ஆர்த்தோஃபோனிக்’ என்று லேபிளில் அச்சிட்டிருப்பது அதைத்தான் குறிக்கிறது. ரோஜர்ஸ் பாட வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. நுரையீரல் கெட்டுப்போன ஒருவர் பழைய குழாய் முறையில் பாடியிருந்தால் இந்தத் தட்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மைக்ரோபோன் வந்ததால் அவர் கத்தத் தேவையில்லாமல் போனது. பேசுகிற அளவுக் குரலில் பாடினார். தட்டு அந்த நெருக்கத்தோடு அப்படியே வைத்திருக்கிறது. இதன் வசீகரத்தைப் பழமை என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அது கிட்டத்தில் ஒரு ஆள் இருக்கும் உணர்வு. 1928இல் அதுவே புத்தம் புதிய அனுபவமாக இருந்திருக்கும்.

அந்த உணர்வு குறுந்தகட்டிலும் வருமா என்றால், நன்றாக மாற்றிப் பதிந்திருந்தால் வரும். இரைச்சலை அடியோடு துடைக்கிறேன் என்று சிலர் இறங்குகிறார்கள். கரகரப்போடு சேர்ந்து மூச்சும், விரல் தந்தியில் உரசும் ஒலியும் போய்விடும். மிஞ்சுவது கம்பளிக்குள் யாரோ பாடுவது. அப்படிப்பட்ட பதிப்பைக் கேட்டுவிட்டுத்தான் பலர் ‘என்னப்பா இது’ என்கிறார்கள்.

ஏன் எல்லாப் பாட்டும் மூன்று நிமிடம்?

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றினால் அதில் அவ்வளவுதான் இடம்.

கரகரவென்று சத்தம் வருவது தேய்மானத்தாலா?

தேயாத தட்டிலும் கொஞ்சம் வரும். இந்தத் தட்டுகள் வினைல் அல்ல. அரக்கைப் பசையாக வைத்து, கல்மாவு, கரித்தூள், பருத்தி இழைத்தூள் எல்லாம் சேர்த்துச் சூடாக்கி அழுத்தியவை. கலவையில் பெரும்பகுதி கல்மாவுதான். ஊசி அதன்மேல் ஓடும்போது உரசல் ஒலி இருக்கத்தான் செய்யும். கல்மாவு வேண்டுமென்றே போட்டதுதான்: அந்தக் கால எஃகு ஊசி முதல் சில சுற்றிலேயே தடத்தின் வடிவத்துக்குத் தேய்ந்து பொருந்திக்கொள்ள வேண்டும், தட்டு ஊசியைத் தேய்க்க வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று விதி இருந்தது. சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பாட்டுக் கேட்ட வீட்டுத் தட்டுகளில் தடம் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும்.

அந்த அரக்கு எங்கிருந்து போனது தெரியுமா? உலகத்துக்கே பெரும்பங்கு அரக்கு இந்தியாவிலிருந்துதான் போயிற்று, முக்கியமாகச் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து. குசும், பலாச மரக்கிளைகளில் பூச்சி விட்டுவைத்த பிசினைச் சுரண்டிக் கல்கத்தா வழியாகக் கப்பலேற்றினார்கள்.

என் எல்.பி. (பிற்கால வினைல் தட்டு) பிளேயரில் இதைப் போடலாமா?

78 வேகம் இருந்தால் மட்டும் போதாது, ஊசியையும் மாற்ற வேண்டும். எல்.பி. ஊசியின் முனை சுமார் 0.7 முதல் 1 மில் வரை. ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 தட்டின் தடம் அகலம், அதற்கு ஏறக்குறைய 3 மில் முனை வேண்டும். சின்ன ஊசி தடத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டுகொண்டிருக்கும். இரைச்சல்தான் கேட்கும், ஊசியும் வீணாகும். பல நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது ஊசி மாட்டும் தலைக்கு, 78 ஊசி தனியாகக் கிடைக்கிறது. மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், பாதி கரகரப்பு அப்போதே குறையும்.

கைச்சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் போடலாமா என்றும் கேட்பார்கள். அதன் ஒலிப்பெட்டியின் எடை நூறு கிராமுக்கு மேல் தட்டின்மேல் அழுந்துகிறது. இன்றைய கார்ட்ரிட்ஜ் சில கிராம்தான். விசேஷ நாளில் ஒரு தடவை, புது ஊசியோடு, தேய்ந்த பிரதியில் போடுங்கள். நல்ல பிரதியைத் தொடாதீர்கள்.

எப்படித் துடைப்பது?

ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான தூரிகை, தடம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, சுத்த நீரால் அலசி உடனே ஒற்றி எடுக்க வேண்டும். லேபிள்மேல் ஈரம் படக்கூடாது. ஊறப்போடவும் கூடாது. வைக்கும்போது நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது என்றாவது ஒரு நாள் விரிசல் விடும்.

கையில் இருப்பது அசல் விக்டர்தானா என்று எப்படிப் பார்ப்பது?

நான் சொன்ன கருப்பு-தங்கச் சுருள் லேபிள், 21142 என்ற எண். லேபிளுக்கு வெளியே, தடம் முடிகிற வழவழப்பான வளையத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் ‘வி.இ.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் தெரியும். அது மின்முறைப் பதிவு என்பதற்கான முத்திரை. விக்டரே பின்னால் ப்ளூபேர்ட் என்ற மலிவு வரிசையிலும், மான்ட்கோமரி வார்ட் என்ற அஞ்சல்வழிக் கடைக்காகவும் ரோஜர்ஸ் பாட்டுகளை அச்சிட்டது. விக்டர் தட்டு 75 சென்ட், ப்ளூபேர்ட் 35 சென்ட். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அந்த வித்தியாசம் பெரிது. கேட்பதற்கு ப்ளூபேர்டில் குறை ஒன்றும் இல்லை.

விலை அதிகமா?

இந்தத் தட்டு அரிதானது இல்லை. நன்றாக விற்ற தட்டு என்பதால் பிரதிகள் ஏராளமாக இருக்கின்றன. அமெரிக்காவில் சாதாரண நிலையில் இருப்பதைப் பத்து, இருபது டாலருக்கு வாங்கலாம். நம் ஊருக்கு வரவழைக்கும் அஞ்சல் செலவு தட்டின் விலையைத் தாண்டும். அனுப்புகிறவரிடம் இருபுறமும் கெட்டி அட்டை வைத்து, பெட்டிக்குள் ஆடாமல் கட்டச் சொல்லுங்கள். ஒரு இடி போதும், இரண்டு துண்டு.

‘பழைய தட்டு, லட்சக்கணக்கில் போகும்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ரோஜர்ஸில் உண்மையிலேயே அரிதானவை 1932, 33இல் வந்தவை. பொருளாதார மந்தத்தில் தட்டு வாங்க ஆளில்லை. அன்று நன்றாக விற்றது இன்று மலிவு, அன்று விற்காதது இன்று அரிது என்பதுதான் இந்தச் சந்தையின் கணக்கு. அவர் இறந்தபின் 1933இல் விக்டர் அவருடைய படத்தையே தட்டின் பரப்பில் அச்சிட்டு 18-6000 என்ற எண்ணில் ஒன்று வெளியிட்டது. சேகரிப்பவர்கள் அதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் இவர் தட்டுகள் வந்தனவா?

வந்தன. கல்கத்தாவில் அச்சான ட்வின், எச்.எம்.வி. லேபிள்களில் ரோஜர்ஸ் பாட்டுகள் வெளியாயின. பழைய தட்டுக் கடைகளில் ஆங்கிலப் பாட்டு என்று ஒதுக்கி வைத்திருக்கும் குவியலைப் பொறுமையாகப் புரட்டுங்கள். மிசிசிப்பிக்காரரின் குரல் இந்திய அரக்கில்!

இதைவிட வேடிக்கை கென்யாவில். அங்கே கிப்சிகிஸ் மக்களிடம் இவர் தட்டுகள் போய்ச் சேர்ந்தன. பெயர் ‘செமிரோச்சா’ என்று மருவியது. 1950இல் இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேசி அங்கே போய்ப் பதிவு செய்தபோது, பாதி மனிதன் பாதி மான் என்ற கணக்கில் ஒரு செமிரோச்சாவைப் பற்றிச் சிறுமிகள் பாடினார்கள். அந்தப் பதிவு கிடைக்கிறது. மிக அழகான பாட்டு, ரோஜர்ஸ் சாயல் துளியும் கிடையாது.

காசநோய் அவர் பாட்டில் தெரிகிறதா?

மூச்சு அளந்து பாடுவது கடைசித் தட்டுகளில் தெரியும். 1931இல் ‘டி.பி. ப்ளூஸ்’ என்று நோயைப் பற்றியே பாடினார். அடுத்த ஆண்டு ‘நோயை அடித்துத் துரத்துகிறேன்’ என்ற பொருளில் இன்னொன்று. 1933 மே 17 முதல் 24 வரை நியூயார்க்கில் கடைசிப் பதிவுகள். கூடத்தில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள், ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் படுத்துக்கொள்வார். 26ஆம் தேதி ஓட்டல் அறையில் இறந்தார். வயது 35. ஆறு ஆண்டுக்குள் சுமார் 110 பாட்டுகள்.

‘ப்ளூ யோடல்’ பிடித்துவிட்டது. அடுத்து எது?

1928 அக்டோபரில் அட்லாண்டாவில் பதிவான ‘வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்’. ரயில் ஊதலை வாயாலேயே எழுப்பித் தொடங்குவார், பின்னால் கார்னெட்டும் கிளாரினெட்டும் ஸ்டீல் கிட்டாரும். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று ரயிலுக்காகக் காத்திருப்பவனின் பாட்டு. சிரிக்க வேண்டுமானால் ‘இன் த ஜெயில்ஹவுஸ் நௌ’. அப்புறம் ஆர்ம்ஸ்ட்ராங் வாசித்த ஒன்பதாம் யோடல். அவர் பாடுவதைக் கண்ணால் பார்க்க ‘த சிங்கிங் பிரேக்மேன்’ என்று 1929இல் கொலம்பியா எடுத்த சிறு படம் இருக்கிறது. ரயில் நிலைய உணவகம் மாதிரி அமைத்த காட்சியில், பிரேக்மேன் உடையில் உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடுவார். கிட்டாரை எவ்வளவு அலட்சியமாகப் பிடித்திருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

சட்டப்படி இலவசமாகக் கேட்கலாமா?

இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான் பாதுகாப்பு, அது எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தக் காலத்து ஒலிப்பதிவுகளுக்கு வெளியான ஆண்டு முடிந்து நூறு ஆண்டு. அதன்படி பிரிஸ்டலில் பாடிய முதல் தட்டு 2028 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆகும். 1928இல் வெளியான ‘ப்ளூ யோடல்’ அதற்கு அடுத்த ஆண்டு. தேதி, இடம், எத்தனையாவது முயற்சி என்ற விவரங்கள் வேண்டுமானால் சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் விக்டரின் பதிவேடுகளை வைத்து ஒரு தரவுத்தளம் நடத்துகிறது. தட்டின் எண்ணைக் கொடுத்தால் போதும்.